ஏச்சுக்கு ஏங்கிய தண்டல்

நேற்றுக் கோட்டையில் ஒரு விசாரணை நடந்ததாம். சந்தையில் பிடிபட்ட ஒருவனை ஜனங்கள் 'முடிச்சவிக்கி' என்று சொல்ல, உங்களில் ஒரு மகானுபாவர் அதை ஒல்லாந்துத் துரைக்குத் 'திருடன்' என்று மொழிபெயர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று வெற்றிலை போடப் போய்விட்டாராம். யார் என்று கேட்க மாட்டேன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உட்காருங்கள், தம்பிகளா. துபாசி வேலையை விட்டு நான் வீட்டோடு உட்கார்ந்த பிறகு என் பொடி மட்டைக்கும் எனக்கும்தான் பேச்சு. இன்று நீங்கள் அகப்பட்டீர்கள்.

முடிச்சவிக்கி என்றால் திருடன் இல்லையா என்று கேட்பீர்கள். திருடன்தான். வேட்டியின் இடுப்பில் முடிந்து வைத்ததை, உடுத்தியிருப்பவனுக்குத் தெரியாமல் அவிழ்த்துக்கொண்டு போகிறவன். முடிச்சை அவிழ்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லில் அவன் விரல்களைப் பற்றிய ஒரு மெச்சுதலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் பால் சட்டியை உருட்டாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் பிள்ளையைத் தாய் அப்படித்தான் அழைக்கிறாள். அவளையும் துரையிடம் இழுத்துப் போய், 'இந்த அம்மாள் தன் மகனைத் திருடன் என்று சாட்சி சொல்கிறாள்' என்பீர்களா?

மொள்ளமாறி வேறு ஜாதிச் சரக்கு. மெள்ள மாற்றிவிடுகிறவன் என்பதுதான் அதன் பிறப்பு என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கட்டும். நல்ல மூட்டையை வாங்கிக் கொண்டு அதே மாதிரி இன்னொன்றைத் திருப்பித் தருவான். பித்தலாட்டக்காரன் பித்தளையைத் தங்கம் என்று காட்டுகிறவன். இவனுக்குக் கை வேலை குறைவு, வாய் வேலை அதிகம். பேமானி நமக்கு வடக்கேயிருந்து குதிரைக்காரர்களோடு வந்த சொல். ஈமான் என்கிற விசுவாசம் இல்லாதவன், நம்பினவனைக் கைவிடுகிறவன். துலுக்கர் தெருவில் அதைச் சொன்னால் கத்தி உருவுவார்கள், மீன் துறையில் சொன்னால் சிரிப்பார்கள். சோமாறி தெலுங்கிலிருந்து வந்தது. அங்கே அவன் வெறும் சோம்பேறி, ஒரு பாவமும் அறியாதவன். சுண்ணாம்புக்குளத்து எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவனுக்குத் திருட்டுப் பட்டமும் சேர்ந்தது. ஒரு குலத்தையே திருட்டுக் குலமாக்கிப் பேசுகிற சொற்களும் உண்டு. அவற்றை நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை, நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒல்லாந்துக்காரர்களுக்கு இப்படிச் சொற்கள் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுடைய மாலுமிகள் சாராயம் குடித்த பின் பேசுவதைக் கேட்டால் காது கூசும். ஆனால் விசாரணை மண்டபத்துக்குள் வந்துவிட்டால் அவர்களிடம் ஒரே சொல்தான். திருடன். நம் ஜனங்கள் கூடை கூடையாகக் கொட்டுவதை நாம் அந்த ஒரு சொல்லில் அடைக்க வேண்டும். அந்த அடைப்பில் ஒரு மனிதன் சாகப் பார்த்தான். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

அதற்கு முன் மீன் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் விடிந்ததும் நான் துறைக்குப் போய்விடுவேன். வீட்டில் கேட்டால் மடவை மீன் வாங்க என்பேன். உண்மையில் பேச்சுக் கேட்கப் போவேன். ஏரியிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாக வரும். சாயவேர் கொதிக்கும் வாசனை ஊர்ப் பக்கமிருந்து வரும், சேற்று வாசனை ஏரிப் பக்கமிருந்து வரும், இரண்டுக்கும் நடுவில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பேன். அந்த வாசனைக்கு இப்போது உயிரைக் கொடுப்பேன். கால் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய.

முதல்முறை நான் கேட்டது இதுதான். ஒருவன் படகு நிறைய மீனோடு வந்து இறங்கினான். கரையில் நின்ற பெண்கள் அவனைப் பார்த்து, "வந்துட்டான் பாரு முடிச்சவிக்கி. ஏரியவே அவுத்துக்கினு வந்துட்டான் பேமானி" என்றார்கள். நான் பதறிப்போனேன். அடிதடி வரும் என்று இரண்டடி பின்வாங்கினேன். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, தன்னைத் திட்டியவளுக்கே முதல் கை மீனை அள்ளிப் போட்டான். கறிமீன் என்பார்கள், விலையில்லாமல் உறவுக்கும் ஊருக்கும் கொடுப்பது.

நாள் போகப் போகப் புரிந்துகொண்டேன். நிறைய மீனோடு வருகிறவனை அங்கே யாரும் மெச்சக் கூடாது. மெச்சினால் கண்ணேறு. அடுத்த பாட்டில் வலை காலியாகத்தான் வரும் என்று பயப்படுவார்கள். பாடு என்றால் ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் முறை. அது போய்விட்டால் குடும்பமே போயிற்று. ஆகவே கண்ணேறு கழிய, வருகிறவனைத் திருட்டுப் பெயர் சொல்லித்தான் வரவேற்பார்கள். அதிகம் வேண்டியவனுக்கு அதிகத் திட்டு. புது மாப்பிள்ளை வந்தால் கேட்கவே வேண்டாம், பட்டங்களோடுதான் படகை விட்டு இறங்குவான்.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. அதை ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். அடுத்தவன் பாட்டில் வலையை அறுத்துவிட்ட ஒருவன் துறைக்கு வந்தான். ஒருவரும் திட்டவில்லை. "வாங்க" என்றார்கள். வழி விட்டார்கள். அவன் கொடுத்த கறிமீனை, "இருக்கட்டுங்க, வூட்ல நேத்து கொழம்பு கீது" என்று வாங்காமல் நகர்ந்தார்கள். அவன் முகம் செத்த மீன் மாதிரி ஆனதைப் பார்த்தேன். சில நாளில் அவனே ஊர்க் கூட்டத்தில் விழுந்து, அறுத்த வலைக்குப் பதில் வலை கட்டிக் கொடுத்து, மறுபடி திட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது என்று சொன்னார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கடலில் கப்பல் நின்றது. கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போகிற கப்பல். சித்திரம் எழுதிய துணி மூட்டைகளை ஏரியிலிருந்து முகத்துவாரம் வழியாகச் சலங்குப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அந்தப் படகுகளுக்கும் ஆட்களுக்கும் பொறுப்பாளியைத் தண்டல் என்போம். அப்போது தண்டலாக இருந்தவன் ஏரிக்கரைப் பசியாவரத்துக்காரன். நல்ல உயரம், காதில் கடுக்கன், துரைகளிடம் குழைந்து பேசத் தெரிந்தவன். அவனுக்குக் கீழே சலங்கு ஓட்டியவர்களில் ஒருவன் எட்டியப்பன், அதே ஊர். வாய் ஓயாதவன், கை சுத்தம்.

சாயங்காலம் எட்டியப்பனின் சலங்கில் ஏற்றின மூட்டைகளில் ஒன்று கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. மெழுகுத் துணியில் சுற்றிய விசேஷ மூட்டை, யாரோ பெரிய இடத்துக்குப் போக வேண்டியது. மறுநாள் காலை தண்டலே கோட்டைக்கு வந்து புகார் சொன்னான். "எட்டியப்பன் நல்ல புள்ளதான் துரை. கூட வச்சுக்கினு சொல்லவே நாக்கு கூசுது. ஆனா மூட்ட அவன் படகுலதான் இருந்துச்சு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான்தான் அதை மொழிபெயர்த்தேன்.

பெரிய துரை கெட்டவர் இல்லை. ஆனால் அன்று அவசரத்தில் இருந்தார். சாயங்காலம் கரைக்காற்று எழுந்ததும் கப்பல் போயாக வேண்டும். குற்றம் ருசுவானால் எட்டியப்பன் காலில் விலங்கோடு அதே கப்பலில் போவான் என்றார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்த கதை எனக்குத் தெரியாது. எட்டியப்பனுக்கும் தெரியாது. மண்டபத்தின் மூலையில் கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "ஐயா, அந்தக் கயித்தக் கொஞ்சம் தளத்தச் சொல்லுங்க, மூக்கு அரிக்குது" என்றான். அப்போதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

எனக்கு மேலே ஒரு தலைமைத் துபாசி இருந்தார். கெட்டிக்காரர், கோபக்காரர். அன்று அவருக்குக் குளிர்காய்ச்சல். 'நீ நாக்கு. மூளை வேறு இடத்தில் இருக்கிறது. கேட்டதைச் சொல், கேட்காததைச் சொல்லாதே' என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்திருந்த உபதேசம். அதை நானும் வேதவாக்காக வைத்திருந்தேன்.

துரை ஊர்க்காரர்களை வரவழைத்தார். "இவன் எப்படிப்பட்டவன்?" என்பது கேள்வி. முதலில் வந்தவர் ஊரின் பெரியதனக்காரர். நரைத்த மீசை, தோளில் ஈரத் துண்டு.

"அவனா? சரியான முடிச்சவிக்கி சாமி" என்றார் உரக்க. "சின்ன வயசுலேர்ந்தே. எங்க வல போட்டாலும் மீன் அவன்கிட்டதான் போவுது."

நான் மொழிபெயர்த்தேன். முதல் பாதிக்குத் துரை தலையை அசைத்தார். பிற்பாதி அவர் காதில் ஏறவில்லை.

அடுத்தவன், "எம்மாம் பெரிய பேமானின்றீங்க" என்றான். அதற்கடுத்தவன், "சோமாறி சாமி, அசல் சோமாறி. எங்க அக்கா புருசன்தான்" என்றான். ஒருவர் விடாமல் வந்தார்கள். ஒவ்வொருவரும் முந்தினவரை விடப் பெரிய பட்டமாகத் தேடிப் பிடித்து வைத்தார்கள். எட்டியப்பனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. துரையின் முகம் இறுகியது. நடுவில் நான். ஒரே சொல்லுக்கு இரண்டு முகங்கள் எதிரெதிராக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

"போதும்" என்றார் துரை. "சொந்த ஊரே ஒரே குரலில் சொல்கிறது. கொல்லனை வரச் சொல்."

தம்பிகளா, இந்த இடத்தில் நில்லுங்கள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் வைத்தேன். ஒருவன் காலில் விலங்கு ஏறப் போகிறது. 'துரை, அவர்கள் அவனைக் கொஞ்சுகிறார்கள்' என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார், அல்லது கைக்கூலி வாங்கினவன் என்பார். அப்படிச் சொன்ன துபாசிகளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பயமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

"இன்னும் ஒரு சாட்சி இருக்கிறது துரை, அவன் பெண்சாதி. அழைத்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன். கொல்லன் சாமான்களோடு எதிரே வந்தான்.

நாகம்மா கோட்டை வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். துறையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆண் கிடையாது. என்னையே, 'பித்தலாட்டத் துபாசி' என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவள் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் ரொம்ப இல்லை.

"உள்ள வந்து அவன திட்டாத, நாகம்மா" என்றேன். "எல்லாரும் திட்டித் திட்டியே அவன் கால்ல வெலங்கு மாட்டப் போறாங்க."

"இன்னா சொல்றீங்க?" என்றாள். "ஊரே வந்து அவனுக்கு நல்லதுதானே சொல்லிச்சு. அவன் எங்காளுன்னு ஒருத்தர் விடாம சொன்னாங்களே. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும் தொரைக்கு?"

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் விசாரணைக்கு வந்தது எட்டியப்பனைக் காப்பாற்ற. தங்களுக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சியத்தைச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். துரைக்கும் நம்மைப் போலவே காது இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

"தண்டல் இன்னிக்குத் துறைக்கு வந்தானா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"வந்தாங்க" என்றாள்.

அவளா 'வந்தாங்க' என்கிறாள்? முந்தின நாள்வரை அவள் தண்டலைத் திட்டின திட்டை என்னால் இந்த வயதிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"நீ ஒண்ணும் திட்டலயா?"

"அவுங்கள எதுக்குங்க திட்டணும்?" என்று சொல்லிவிட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டாள்.

வலை அறுத்தவனுக்குக் கிடைத்த அதே மரியாதை. ஊருக்குத் தெரியும். பிற்பாடு கேள்விப்பட்டேன், பொழுது சாயும் நேரத்தில் சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். தண்டல் சலங்கில் ஏறினதும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறு பக்கம் மூட்டையைத் தண்ணீரில் நழுவவிட்டதும், சலங்கு போன பின் அதை இழுத்துக்கொண்டு போனதும். விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"உள்ள வந்து அத்தச் சொல்லு" என்றேன்.

"எத்த?" என்றாள். பிறகு மெதுவாக, "ஐயா, ஊர் குத்தம் ஊர்லதான் தீக்கணும். கோட்டையில போய்ச் சொன்ன குடும்பத்துக்குப் பாடு கெடயாது. எம் புருசன் வந்துட்டாலும் நாங்க எத்தத் துன்றது?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்கதான் படிச்சவுரு. எதனா பண்ணுங்க."

இப்படித்தான் அந்த மூட்டை என் தலையில் வந்து விழுந்தது. ஊர் சொல்லாது. நான் சொன்னால் செல்லாது. சொல்லக் கூடியவன் ஒருவன்தான், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துரை பக்கத்தில் நிற்கிறான்.

உள்ளே போனேன். நாக்கு கேட்காததைச் சொல்லக் கூடாது என்ற உபதேசத்தைத் தூக்கிக் கடாசினேன். "துரை, நான் மொழிபெயர்த்த சொற்களின் எடை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சந்தேகத்தோடு விட்டால், உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று நான் செய்த சத்தியம் பொய்யாகும். முற்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உச்சிமணி அடிக்கும்வரை" என்றார். பின்னால் இதைக் கேள்விப்பட்ட தலைமைத் துபாசி காய்ச்சல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, 'அடப் பேமானி' என்றார். நானும் துறையில் பழகினவன் ஆயிற்றே. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். துரை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்டலை நடுவில் வந்து நிற்கச் சொன்னேன். ஊர்க்காரர்களைப் பார்த்து, "எட்டியப்பன எல்லாரும் சொன்னீங்க. அதே மாதிரி தண்டலையும் ஆளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள் பெரியதனக்காரரைப் பார்த்தார்கள்.

பெரியதனக்காரர் எழுந்து வந்தார். "தண்டலுங்களா. நல்லவருங்க. அவுரப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். துரை, "பார்த்தாயா" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தண்டல் சிரித்தான். அடுத்தவன் வந்து, "கும்பிடறேனுங்க" என்றான். அதற்கடுத்தவன், "நல்லா இருக்கீங்களா" என்றான். தண்டலின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இன்னாடா, வெளயாடறீங்களா?" என்றான். "சொல்லுங்கடா, எதனா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"உங்கள இன்னாங்க சொல்றது" என்றான் எட்டியப்பனின் மச்சான், தரையைப் பார்த்தபடி.

ஒவ்வொருவராக வந்து மரியாதை செய்துவிட்டு நகர்ந்தார்கள். தண்டல் ஆட்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தான். தன் வயதுக் கூட்டாளி ஒருவனின் கையைப் பிடித்து, "டேய், நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லுடா" என்றான். அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். தண்டலின் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. அதுவரை அவனுக்கு ஊர் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக அவனே முந்திக்கொண்டு கோட்டைக்கு ஓடி வந்தவன். துறையில் காலையில் கேட்ட 'வாங்க'வை அவன் காது கவனிக்கவில்லை. துரைகளோடு பேசிப் பேசி அந்தக் காது மழுங்கியிருந்தது.

கடைசியாக நாகம்மா வந்தாள். சும்மாட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"நாகம்மா" என்றான் தண்டல். "உனக்கு இல்லாத வாயா. உம் புருசன் மேல பழி போட்டவன் நானு. காறித் துப்பு. ஒரே ஒரு வார்த்த திட்டு, தாயி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள், "அவுங்க மேல வெயில் படுதுங்க. நெழல்ல ஒக்காரச் சொல்லுங்க."

அவ்வளவு உயரமான மனிதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொண்டான். "எம் பாட்டுலதான் கீது. கெழக்கால கடசிக் கழியண்ட, தண்ணிக்குள்ள. எடுத்துக்குங்க. அவன அவுத்து வுடுங்க" என்றான். யாருக்கும் சொல்லவில்லை, தரைக்குச் சொன்னான்.

நான் துரைக்குச் சொன்னேன். படகு போயிற்று, மூட்டை வந்தது. மெழுகுத் துணி பிரியாமல் அப்படியே இருந்தது. எட்டியப்பனின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் முதலில் செய்த காரியம் மூக்கைச் சொறிந்துகொண்டது. பிறகு நாகம்மாவிடம் போய் நின்றான். அவள் அவன் தலையிலிருந்து கால்வரை பெயர் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். துரை என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆனால் விலங்கு வீணாகப் போகாது. கொல்லன் வந்தது வந்ததுதான். அதைத் தண்டலுக்கு மாட்டினார்கள். நான் மன்றாடிப் பார்த்தேன். ஊரில் விட்டால் ஊர் தண்டிக்கும், அது கோட்டைத் தண்டனையைவிடக் கொடிது என்றேன். துரை அதற்கு மசியவில்லை. ஒரு நாளில் ஒரு அதிசயம்தான் நடக்கும் போலிருக்கிறது.

சாயங்காலம் கரைக்காற்று எழுந்தது. தண்டலைச் சலங்கில் ஏற்றினார்கள். ஊரே துறையில் நின்றது. ஒருவரும் பேசவில்லை. துரையும் நானும் கொஞ்சம் தள்ளி நின்றோம். தண்டல் படகின் நடுவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். துடுப்புகள் தண்ணீரில் இறங்கின. படகு கரையை விட்டு நகர்ந்து, இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்தபோது, எட்டியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினான். கயிற்றுத் தழும்பேறிய கைகள் இரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"டேய் முடிச்சவிக்கி" என்று கத்தினான். "டேய் பேமானி. மொள்ளமாறி. கட்டயில போறவனே. ஏரிய அவுத்துக்கினு போறான் பாரு சோமாறி."

தண்டல் தலையை நிமிர்த்தினான்.

பெரியதனக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "களவாணிப் பயலே" என்றார். பிறகு நாகம்மா தொடங்கினாள். பிறகு துறை முழுக்க. அத்தனை திட்டை ஒரே நேரத்தில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தண்டல் விலங்கோடு தடுமாறி எழுந்து நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. சலங்கு முகத்துவாரத்தைத் திரும்பும்வரை நின்றுகொண்டே போனான்.

துரை என் பக்கம் திரும்பினார். "ஒருவழியாக அவனைச் சபிக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள்?" என்றார்.

சத்தியம் செய்த துபாசி அல்லவா, சரியாக மொழிபெயர்க்க வேண்டும்.

"வீட்டுக்கு வந்துவிடு என்கிறார்கள் துரை" என்றேன்.